கடனுக்கு ஆறு மாதம் முன்னால்

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் வாரத்தில் கிராமத்தில் பணத்துக்கு ஒரு விலை. தை அறுவடை முடிந்து நெல் போட்ட காசு கைக்கு வந்த பிறகு வேறு விலை. அதே ஊர், அதே ஆட்கள், அதே பத்தாயிரம் ரூபாய். மாசியில் இரண்டு ரூபாய் வட்டிக்குப் புரட்ட முடிந்த பணம் ஆனியில் மூன்றுக்கும் ஐந்துக்கும் போகும். ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு போன் போட்டுக் கேட்டால் பத்து. கேட்கிறவரின் குரலில் இருக்கும் அவசரத்தைக் கொடுக்கிறவர் முதலில் எடை போடுகிறார். பிறகுதான் வட்டியைச் சொல்கிறார்.

கிராமத்தில் கடன் கொடுக்க ஆள் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. கூட்டுறவுச் சங்கம், மகளிர் குழு, வாரக் குழு லோன், ஏலச்சீட்டு, தீபாவளிப் பண்டு, கோயில் பணம், மொய், அடகுக்கடை, தண்டல்காரர் என்று வரிசை நீளம். இந்த வரிசையில் வட்டி குறைந்த இடங்களுக்கெல்லாம் ஒரு பொதுக் குணம் உண்டு: அவை உறுப்பினருக்குத்தான் கொடுக்கும். வட்டி கூடிய இடங்கள் யாருக்கும் கொடுக்கும், இன்றைக்கே கொடுக்கும். ஆகவே கடன் தேடும் வேலையைக் கடன் தேவைப்படாத மாதத்திலேயே தொடங்கிவிட வேண்டும். இந்த அத்தியாயம் அந்த முன்வேலையைப் பற்றியது. ஏற்கெனவே நெருக்கடியில் இருப்பவர்கள் என்ன செய்யலாம் என்பது பின்பாதியில் வருகிறது.

முதலில் வட்டிக் கணக்கு

ஊரில் யாரும் சதவீதத்தில் பேசுவதில்லை. ‘எத்தனை வட்டிக்கு?’ என்று கேட்டால் ‘ரெண்டு வட்டி’ என்பார்கள். நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய் என்று பொருள். அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம். மூன்று வட்டி 36 சதவீதம், ஐந்து வட்டி 60, பத்து வட்டி 120. இதுவரை சுலபம். குழப்பம் தொடங்குவது தவணைக் கடனில்.

தண்டலை எடுத்துக்கொள்வோம். ‘பத்தாயிரம் தர்றேன், தினம் நூறு ரூபாய், நூறு நாள்’ என்று பேச்சு. கையில் கொடுக்கும்போதே 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 தருவார்கள். கேட்பவர் இதைப் பதினைந்து சதவீத வட்டி என்று நினைத்துக்கொள்கிறார். ஆனால் அந்த 8,500 ரூபாய் நூறு நாளும் முழுதாக அவர் கையில் இருப்பதில்லை. மறுநாளிலிருந்தே திரும்பிப் போகத் தொடங்குகிறது. ஐம்பதாம் நாளில் பாதிக்கு மேல் போய்விட்டிருக்கும். முறையாகக் கணக்குப் போட்டால் இது ஆண்டுக்குச் சுமார் 120 சதவீதம் வருகிறது. பத்து வட்டி என்று கேட்டாலே பதறுகிறவர்கள், அதே பத்து வட்டியைத்தான் தண்டல் என்ற பெயரில் சந்தைக்கடையில் தினமும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நிறுவனங்கள் கொடுக்கும் கடனிலும் இதன் சாயல் உண்டு. 30,000 ரூபாய், ஒரு வருடம், ‘பன்னிரண்டு சதவீதம் பிளாட் வட்டி’ என்றால் மொத்தம் 33,600 கட்ட வேண்டும், மாதம் 2,800. அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழு 30,000க்கும் கணக்கிடப்படுகிறது. குறையும் அசலுக்கு மட்டும் வட்டி என்று பார்த்தால் இதன் உண்மை விகிதம் 21 சதவீதத்தைத் தாண்டும். கடன் வாங்கப் போகிற இடம் எதுவாக இருந்தாலும் மூன்று கேள்விகள் போதும். கையில் எவ்வளவு வரும்? மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும்? எத்தனை நாளில்? பதிலை ஒரு தாளில் எழுதி வாங்க வேண்டும். எழுதித் தர மறுக்கும் இடத்தில் வாங்கவே கூடாது.

கூட்டுறவுச் சங்கம்

பஞ்சத்தாலும் லேவாதேவிக்காரர்களாலும் நொந்துபோன விவசாயிகளுக்கு வழி தேடி, அன்றைய சென்னை மாகாண அரசு பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. ஜெர்மனியின் கிராமங்களில் ரைஃபைசன் உருவாக்கிய சிறு கடன் சங்கங்களைப் பார்த்துவிட்டு வந்து, 1895க்கும் 1897க்கும் இடையில் அவர் தந்த அறிக்கை இந்தியக் கூட்டுறவுக்கு வித்திட்டது. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் திரூரில் சங்கம் பிறந்தது. இன்று தமிழகத்தில் நாலாயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் இருக்கின்றன. உரம் வாங்கவும் ரேஷன் வாங்கவும் ஊரே போய்வரும் அந்தக் கட்டடம்தான் கிராமத்தின் மிகப் பழைய வங்கி. பலருக்கு அந்த நினைப்பே இல்லை.

பயிர்க்கடன் பற்றி விவசாயக் குடும்பங்களுக்குத் தெரியும். குறித்த தேதிக்குள் கட்டிவிட்டால் வட்டியை அரசே ஏற்றுக்கொள்கிறது. நிலம் இல்லாதவர்கள், அந்தக் கட்டடத்தில் தங்களுக்கு வேலை இல்லை என்று எண்ணி ஒதுங்கிவிடுகிறார்கள். இது பெரிய இழப்பு. நகைக்கடன், மகளிர் குழுக் கடன், கால்நடைப் பராமரிப்புக் கடன், சிறுவணிகக் கடன், மாற்றுத்திறனாளிகளுக்கும் கணவரை இழந்த பெண்களுக்குமான கடன்கள் என்று நிலம் கேட்காத வகைகள் கூட்டுறவில் உண்டு. தாட்கோ, டாப்செட்கோ, டாம்கோ ஆகிய அரசுக் கழகங்களின் கடன்களும் கூட்டுறவு வங்கிகள் வழியாக வருகின்றன. எல்லாச் சங்கத்திலும் எல்லா வகையும் எந்த நேரமும் கிடைத்துவிடாது. நிதி ஒதுக்கீடு தீர்ந்திருக்கலாம், சங்கம் நலிந்திருக்கலாம். ‘என்னென்ன கடன் இருக்கு?’ என்று பொதுவாகக் கேட்டால் ‘ஒண்ணும் இல்ல’ என்று பதில் வரும். வகையின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். செயலாளர் இல்லை என்று சொன்னால், மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கியின் கிளையில் அதே கேள்வியைக் கேட்கலாம்.

உறுப்பினராவது கடினமான காரியமில்லை. ஆதார், ரேஷன் கார்டு, புகைப்படம், வங்கிப் புத்தகம், பங்குத்தொகை. பயிர்க்கடனுக்கு என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் சிட்டா, அடங்கல். உறுப்பினரான கையோடு ஒரு சேமிப்புக் கணக்கும் தொடங்கி, மாதம் இருநூறு ரூபாயாவது போட்டு வருவது நல்லது. நாளை கடன் மனு வரும்போது அந்த வரவுகள் ஒரு சாட்சி.

கடன் தள்ளுபடி பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 2021இல் 12,110 கோடி ரூபாய்க் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் ஐந்து சவரன் வரையிலான கூட்டுறவு நகைக்கடன்களுக்கும் தகுதி பார்த்துத் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு, அடுத்த தேர்தலில் தள்ளுபடி வரும் என்று சொல்லித் தவணை கட்டாமல் இருப்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இந்த நம்பிக்கையில் நகையை விட்டுவைத்தால் வட்டி ஏறி, கெடு தாண்டி, ஏலத்துக்குப் போய்விடும். 2021இல்கூட ஒரே குடும்பத்தில் பல கடன் வாங்கியவர்கள் போன்ற பலர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். தள்ளுபடி வந்தால் வரட்டும். குடும்பக் கணக்கை அதை நம்பிப் போடக் கூடாது.

மகளிர் குழு

தருமபுரியில் 1989இல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் குழுக்கள் தொடங்கப்பட்டபோது, வீட்டுக்கு வெளியே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பணம் எண்ணுவதே புதுக் காட்சி. 1992இல் நபார்டு வங்கி குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோட்டத்தைத் தொடங்கியது. மதுரைப் பக்கம் தானம் அறக்கட்டளையின் களஞ்சியம் குழுக்கள் வளர்ந்தன. புல்லுச்சேரியின் விவசாயக் கூலித் தொழிலாளி சின்னப்பிள்ளை அந்தக் களஞ்சியத்தில் தலைவியானவர். தில்லியில் விருது வழங்கும்போது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019இல் பத்மஸ்ரீயும் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத கூலிப் பெண்கள் தங்கள் கணக்கைத் தாங்களே நடத்த முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நல்ல குழு ஒன்றில் கடன் இரண்டு வழியில் கிடைக்கிறது. முதல் வழி, உள்கடன். உறுப்பினர்கள் வாராவாரம் போடும் சந்தாவிலிருந்து குழுவே தருவது. மாத்திரை வாங்க, யூனிபார்ம் தைக்க, பஸ் பாஸ் எடுக்க என்று இரண்டாயிரம், ஐயாயிரம் தேவைக்கு இதை விஞ்சியது ஊரில் எதுவுமில்லை. கூட்டத்தில் கேட்டால் கூட்டத்திலேயே முடிவு. வட்டி ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ குழு தீர்மானிக்கும். அந்த வட்டியும் குழுவின் பொதுப்பணத்திலேயே சேர்கிறது. கட்டுகிற வட்டியில் ஒரு பங்கு கட்டுகிறவருடையதாகவே இருக்கும் கடன் இது.

இரண்டாவது வழி, வங்கிக் கடன். குழு ஆறு மாதமாவது ஒழுங்காக நடந்திருக்க வேண்டும். வங்கி பார்ப்பது ஐந்து விஷயங்களை: தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன் சுழற்சி, அதன் வசூல், முறையான பதிவேடு. இந்த ஐந்தும் சரியாக இருந்தால், ரிசர்வ் வங்கியின் நெறிமுறைப்படி 10 லட்சம் ரூபாய் வரை குழுவிடம் எந்தப் பிணையும் கேட்கக் கூடாது. குழுவின் சேமிப்புக் கணக்கை முடக்கிவைக்கவும் கூடாது. கடன் கொடுப்பதற்காக வைப்புத்தொகை போடச் சொல்லவும் கூடாது. ‘கொஞ்சம் டெபாசிட் போட்டால் பார்க்கலாம்’ என்று எந்த மேலாளராவது சொன்னால், அந்த விதியைக் குழுவின் ஊக்குநரும் பிரதிநிதிகளும் நினைவூட்டலாம். ஊராட்சி அளவிலான கூட்டமைப்பும் மகளிர் திட்டத்தின் வட்டார அலுவலகமும் துணைக்கு வரும்.

எல்லாக் குழுவும் இப்படி நடக்கிறதா? இல்லை. பேருக்கு ஒரு குழு, கூட்டம் நடக்காமலேயே கையெழுத்து, ஊக்குநர் வீட்டில் பூட்டிக் கிடக்கும் பதிவேடு, அவர் சொந்தக்காரர்களுக்கே முதல் கடன் என்று நடக்கும் குழுக்களும் ஊரில் இருக்கின்றன. சேருவதற்கு முன் ஒரு கூட்டத்துக்கு வெறுமனே போய் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பது நல்லது. கணக்கைச் சத்தமாக வாசிக்கிறார்களா? சேமிப்புப் பணம் அன்றைக்கே வங்கிக்குப் போகிறதா? கடைசியாகக் கடன் வாங்கிய மூவர் யார்? இந்த மூன்றுக்கும் உட்கார்ந்த இடத்திலேயே பதில் கிடைத்துவிடும். ஊரில் நல்ல குழு இல்லையென்றால், தெருவில் நம்பிக்கையான பத்துப் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து புதிதாகத் தொடங்கலாம். தலைப்பில் சொன்ன ஆறு மாதம் அன்றிலிருந்து ஓடத் தொடங்கும்.

மொய், சீட்டு, பண்டு

பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆடி, ஆவணி மாதங்களில் போகிறவர்கள் சாலையோரம் வரிசையாக மொய் விருந்துப் பதாகைகளைப் பார்ப்பார்கள். பலர் கூட்டாகப் பந்தல் போட்டுக் கறி விருந்து வைக்கிறார்கள். சாப்பிட்டவர்கள் எழுதும் மேசைக்குப் போய்ப் பணம் கொடுக்கிறார்கள். பெயர், ஊர், தொகை நோட்டில் ஏறுகிறது; இப்போது கம்ப்யூட்டரிலும் ஏறுகிறது. இதில் வட்டி கிடையாது. கிணறு வெட்ட, வீடு கட்ட, பிள்ளையை வெளிநாடு அனுப்ப லட்சக்கணக்கில் ஒரே நாளில் திரளும் பணம் இது. ஆனால் வாங்கியவர், கொடுத்தவர் வீட்டு விருந்துக்குப் போய்ப் பழைய மொய்யையும் அதன்மேல் புது மொய்யையும் வைத்தாக வேண்டும். சுழற்சி நிற்பதில்லை. ஏற்கெனவே ஊரெல்லாம் மொய் வைத்திருப்பவருக்குத்தான் பந்தலில் கூட்டம் சேரும். விருந்துச் செலவையும் கழித்துப் பார்க்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் இந்த வட்டாரத்தின் தென்னையை வேரோடு சாய்த்தது. வருமானம் நின்றுபோனாலும் வைக்க வேண்டிய மொய் நிற்பதில்லை. வருமானம் ஒரே பயிரை நம்பியிருக்கும் குடும்பம், தான் வைக்க வேண்டிய மொய்யின் மொத்தத்தை ஒரு தாளில் கூட்டிப் பார்த்துவிட்டுப் பந்தல் போடட்டும்.

ஏலச்சீட்டின் கணக்கு வேறு. இருபது பேர், மாதம் ஐயாயிரம், ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் மாதம் ஒருவர் 25,000 தள்ளி எடுக்கிறார். அவர் கையில் 75,000. தள்ளியதில் நடத்துபவர் கமிஷன் 5,000 போக மீதி 20,000 எல்லோருக்கும் கசராகப் பிரியும். அந்த மாதம் ஐயாயிரத்துக்குப் பதில் நாலாயிரம் கட்டினால் போதும். சீட்டை எடுத்தவரோ இன்னும் பதினேழு மாதம் கட்ட வேண்டும். கடைசி மாதங்களில் எடுப்பவருக்கு இது சேமிப்பு, முதலில் எடுப்பவருக்கு இது கடன். ஒரே சீட்டில் இரண்டும் இருப்பதுதான் இதன் அழகு. ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. எடுத்தவர் கட்டாமல் விட்டால், எடுக்காதவர் பணம் போகும். 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி முன்அனுமதியும் பதிவும் இல்லாமல் சீட்டு நடத்தக் கூடாது. நடத்துபவர் கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பதிவு உண்டா என்று பதிவுத்துறையின் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஊர்க்காரர், தாயாதி, டீச்சர் என்ற நம்பிக்கையில் பதிவில்லாத சீட்டில் சேருவோர் ஏராளம். நடத்துபவர் ஒருநாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டால் காட்டுவதற்கு ஒரு ரசீதுகூட இருப்பதில்லை.

வாரம் ஐம்பது, நூறு என்று சேர்த்து, அந்தப் பணத்தைத் தங்களுக்குள்ளேயே வட்டிக்கு விட்டு, தீபாவளிக்குப் பிரித்துக்கொள்ளும் பண்டுகளும் உண்டு. சில ஊர்களில் திருவிழாவில் மிஞ்சிய கோயில் பணத்தை வட்டிக்கு விடுவார்கள். சாமி காசு என்பதால் யாரும் ஏமாற்றத் துணிவதில்லை. இரண்டுமே சிறு தொகைக்கு நல்லவை. தெருவுக்குள் பத்திருபது பேரோடு நடக்கும்வரைதான் பண்டு பண்டாக இருக்கும். பலகாரம், பட்டாசு, வெள்ளிக்காசு தருகிறோம் என்று ஏஜென்ட் வைத்து ஊர் ஊராக வசூலிக்கும் சீட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை; அதில் பணம் போட்டுத் தெருவில் நின்றவர்கள் ஏராளம்.

பக்கத்து டவுனில் ‘நிதி’ என்ற பெயர்ப்பலகையோடு இருக்கும் நிறுவனங்கள் பற்றி ஒரு தகவல்: 2014ஆம் ஆண்டின் நிதி விதிகளின்படி அவை உறுப்பினருக்கு மட்டுமே, அதுவும் நகை, சொத்து, வைப்புத்தொகை போன்ற ஈட்டின் பேரில் மட்டுமே கடன் தரலாம். ஈடில்லாமல் தனிநபர் கடன் தருகிறோம் என்று ஒரு ‘நிதி’ சொன்னால் அங்கே ஏதோ சரியில்லை.

வாரக் குழு லோன்

ஐந்தாறு பெண்களைச் சேர்த்து வீடு தேடி வந்து கொடுக்கும் நுண்கடன் நிறுவனங்கள் இன்று பல கிராமங்களில் முதல் கதவாகிவிட்டன. பேச்சில் இதுவும் ‘குழு லோன்’தான். ஆனால் மகளிர் குழுவில் சேமிப்பு உண்டு, இதில் கடன் மட்டுமே. வட்டி வங்கியைவிட அதிகம், கந்துவட்டியைவிட வெகு குறைவு. ஆகவே ஒரேயடியாக ஒதுக்க வேண்டியதில்லை. விதிகளைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிகள் கடன் வாங்குபவருக்குச் சாதகமானவை. ஆண்டு வருமானம் 3 லட்சம் வரையுள்ள குடும்பத்துக்கு ஈடில்லாமல் தருவதே நுண்கடன். குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டிக் கட்டினால் அபராதம் இல்லை. தவணை தாமதமானால் அந்தத் தவணைக்கு மட்டுமே அபராதம் போடலாம், மொத்தக் கடனுக்கும் அல்ல. கடன் அட்டை புரிகிற மொழியில் இருக்க வேண்டும். இன்சூரன்ஸ் கட்டாயமில்லை. வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பொது இடத்தில்தான் வசூல்; கடன் வாங்கியவர் தொடர்ந்து இரண்டு முறையோ அதற்கு மேலோ அங்கே வராவிட்டால்தான் வீட்டுக்கே வரலாம்.

விதியில் இருக்கும் ‘பாதி வருமானம்’ என்ற கோட்டைக் குடும்பமே போட்டுக்கொள்வது நல்லது. மாதம் 16,000 வருமானமுள்ள வீட்டில் எல்லாத் தவணையும் சேர்ந்து 8,000க்கு மேல் போகக் கூடாது. நான்கு நிறுவனங்களில் வாரம் தலா 700 என்று வாங்கிவிட்டால் மாதம் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டிவிடும். அப்புறம் செவ்வாய்க்கிழமைத் தவணைக்காகத் திங்கட்கிழமை கடன் தேடும் வாழ்க்கைதான்.

இதைவிடக் கொடுமை பெயர் கொடுப்பது. ‘உன் பேர்ல எடுத்துக் குடு அக்கா, நான் கட்டிக்கறேன்’ என்று கேட்கும் தோழிக்கும் நாத்தனாருக்கும் மறுக்க முடியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, பின்னால் தன் தாலியை அடகு வைத்துக் கட்டும் பெண்கள் ஊருக்கு ஊர் உண்டு. கையில் இருக்கும் இரண்டாயிரத்தைத் திரும்பக் கேட்காத உதவியாகக் கொடுத்துவிடலாம். பெயரைக் கொடுக்கவே கூடாது.

நாளைக்கே வேண்டும் என்றால்

ஆறு மாதம் முன்னால் எதுவும் செய்யவில்லை, நாளைக் காலை இருபதாயிரம் கட்டியாக வேண்டும். இந்த நிலையில் வரிசை இப்படி இருக்கலாம். முதலில் கைமாற்று: உறவிலும் நட்பிலும் வட்டியில்லாமல் இருவாரத்துக்கு ஐந்து பேரிடம் நாலாயிரம் வீதம் கேட்பது ஒருவரிடம் இருபதாயிரம் கேட்பதைவிட எளிது. அடுத்து, வீட்டில் ஒரு கிராம் தங்கம் இருந்தாலும் அதுதான் வழி. கூட்டுறவுச் சங்கமோ வங்கியோ பெரும்பாலும் அன்றைக்கே நகைக்கடன் தருகின்றன. 2.5 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம் என்று வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் விதி வகுத்தது. அதிகம் தருகிறார்கள் என்பதற்காக முழுதும் வாங்க வேண்டாம். மீட்கும் தொகைதான் முக்கியம். அடகுக்கடைக்குப் போக நேர்ந்தால் உரிமம் உள்ள கடையா என்று பார்த்து, நகையின் எடை, தொகை, வட்டி எழுதிய அடகுச் சீட்டைக் கையோடு வாங்க வேண்டும். போனில் ஐந்து நிமிடத்தில் கடன் தருகிறோம் என்று வரும் ஆப்களை, கடன் தருவது எந்த வங்கி அல்லது நிதி நிறுவனம் என்று தெரியாதவரை, தொடவே வேண்டாம். அவை கேட்பது போனில் இருக்கும் அத்தனை பேரின் எண்களையும்.

வட்டிக்கு விடும் தனிநபரிடம் போவது கடைசி. 1957ஆம் ஆண்டின் சட்டப்படி வட்டித்தொழில் செய்ய உரிமம் வேண்டும். தாசில்தார் அலுவலகத்தில் விசாரிக்கலாம். தொகை எழுதாத புரோநோட்டிலோ வெற்றுப் பத்திரத்திலோ செக்கிலோ கையெழுத்து கூடாது. ஏடிஎம் கார்டு, ரேஷன் கார்டு, பட்டா எதையும் கொடுக்கக் கூடாது. கட்டும் ஒவ்வொரு தொகையையும் புரோநோட்டின் பின்பக்கம் வரவு வைத்து, அதைப் போனில் படமெடுத்துக்கொள்ள வேண்டும். ரொக்கமாகக் கொடுப்பதைவிட வங்கிக் கணக்குக்கோ போன் மூலமாகவோ அனுப்புவது சிறந்தது. தேதியும் தொகையும் தானே பதிவாகிவிடும்.

கந்துவட்டி, மீட்டர் வட்டி, மணிநேர வட்டி, நாள் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தமிழக அரசின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் பெயர் சொல்லியே தடுக்கிறது. மூன்றாண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. மிரட்டிப் பறித்த சொத்தை நீதிமன்றம் மூலம் திரும்பப் பெறவும் அதில் வழி இருக்கிறது. அந்தச் சட்டம் வந்து பதினான்கு ஆண்டுக்குப் பிறகு, 2017 அக்டோபரில், திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் தீயில் கருகினார்கள். பலமுறை மனு கொடுத்த பிறகுதான் அந்தக் குடும்பம் அந்த முடிவுக்குப் போனது. அந்தக் குழந்தைகளை நினைக்கும்போது, சட்டம் இருக்கிறது என்று எழுதிவிட்டு நகர மனம் வருவதில்லை. கட்டாய வசூலைத் தடுக்க 2025இல் மாநிலம் இன்னொரு சட்டமும் இயற்றியிருக்கிறது.

ஆகவே மனு கொடுப்பவர் தனியாகப் போகக் கூடாது. வாங்கியது, கட்டியது, மிரட்டியது மூன்றையும் தேதிவாரியாக எழுதி, காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். அங்கே வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடமும், திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடமும் கொடுக்கலாம். இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு அந்த உதவி உண்டு. வங்கி, நிதி நிறுவனம் மீதான புகார் என்றால் முதலில் அந்த நிறுவனத்துக்கு எழுத வேண்டும். முப்பது நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448.

கடனை முடிக்கும் நாள்

கடைசித் தவணையைக் கட்டிய மகிழ்ச்சியில் பலரும் வெறுங்கையோடு வீடு திரும்புகிறார்கள். தனிநபர் கடன் என்றால் புரோநோட்டைத் திரும்ப வாங்கி, சாட்சி ஒருவர் முன்னால் கிழிக்க வேண்டும். நகைக்கடன் என்றால் கவுண்டரிலேயே எடை போட்டு, சீட்டில் உள்ள எடையோடு ஒப்பிட வேண்டும். சங்கத்திலும் நிறுவனத்திலும் பாக்கி இல்லை என்ற சான்றை எழுத்தில் வாங்க வேண்டும். நுண்கடன்களும் கடன் தகவல் நிறுவனங்களில் பதிவாகின்றன. ஆண்டுக்கு ஒருமுறை தன் கடன் அறிக்கையை எவரும் இலவசமாகப் பெறலாம். கல்லூரிக்குப் போகும் பிள்ளை ஒருவர் போனிலேயே எடுத்துக் கொடுத்துவிடுவார். முடிந்த கடன் அதில் பாக்கி என்று இருந்தாலோ, வாங்காத கடன் தன் பெயரில் இருந்தாலோ, கடன் கொடுத்ததாகச் சொல்லும் நிறுவனத்துக்கும் அறிக்கை தந்த நிறுவனத்துக்கும் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். முப்பது நாளுக்குள் தீர்க்கவில்லை என்றால் அதன் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. புகார் கொடுத்த தேதி தெரியும்படி நகல் ஒன்றைப் பாக்கி இல்லாச் சான்றோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.